திருடிக் காட்ட ஒரு மோட்டார்

திருச்சியிலிருந்து வந்த பஸ் பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் நின்றது. இறங்கிய தர்மராஜின் கழுத்தில் ஒருவர் மாலையைப் போட்டார். மாலைக்கு உரியவர் பின்னால் வருகிறார் போலிருக்கிறது என்று தர்மராஜ் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்தவர் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான தர்மராஜ்? கிணத்து மோட்டார் திருட்டு?" என்று மாலை போட்டவர் கேட்டார். சம்பந்தி வீட்டாரிடம் ஊர்ப் பெயரை விசாரிக்கும் குரல்.

தர்மராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். மப்டி போலீஸ்தான்.

"சார், தண்டனை முழுசா முடிஞ்சுபோச்சு சார். வேற கேஸ் எதுவும் பாக்கி இல்ல சார்."

"அய்யோ, பயப்படாதீங்க. நான் முத்தமிழ்செல்வன். புத்தொளி சமூகப் பாதுகாப்புத் திட்டத்தோட இயக்குநர். எட்டு மாசமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

தன் மனைவி லாவண்யாவே காத்திருக்காத இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எட்டு மாதமாகக் காத்திருந்தது தர்மராஜின் சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது. லாவண்யா மகளைக் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒழுங்கான வேலை கிடைத்த பிறகு வந்து கூப்பிடு, அதற்கு முன் வாசலுக்கு வராதே என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

புத்தொளி அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று அறைகள். முதல் கதவில் 'குற்றத் தடுப்பு', இரண்டாவதில் 'பாதிக்கப்பட்டோர் துணை', மூன்றாவதில் 'சிறை மீண்டோர் மறுவாழ்வு' என்று எழுதியிருந்தது. மூன்றுக்கும் முத்தமிழ்செல்வனே பொறுப்பு. அதனால் எந்த அறையில் யார் என்ன கேட்டாலும், "அது அந்தப் பிரிவு, அங்க வாங்க" என்று எழுந்து போய் அடுத்த அறையில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

மூன்றாம் அறையில் அவர் மனம் திறந்து பேசினார். "தர்மராஜ், உண்மையைச் சொல்லணும்னா, நிதி வந்துடுச்சு, நாற்காலி வந்துடுச்சு, பேனர் வந்துடுச்சு. கைதிதான் வரல. பக்கத்து ஊர்கள்ல விசாரிச்சா எல்லாரும் யோக்கியமா இருக்காங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நல்லவேளை, கடவுள் புண்ணியத்துல நீங்க திருடுனீங்க."

இனி எந்தச் சூழ்நிலையிலும், யார் சொன்னாலும் திருட மாட்டேன் என்று தர்மராஜைக் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். போட்டோ எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஜெயிலிலும் இப்படித்தான் எடுத்தார்கள். இங்கே சிரிக்கச் சொன்னதுதான் வித்தியாசம்.

அந்தப் போட்டோ அவனுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே கரட்டாங்குறிச்சி அவன் ஊர். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நிழற்குடைச் சுவரில் தன்னையே பார்த்தான். இரண்டு சுவரொட்டிகள். ஒன்று மறுவாழ்வுப் பிரிவு ஒட்டியது: 'இவரும் நம்மில் ஒருவர். அன்போடு ஏற்போம்.' மற்றது தடுப்புப் பிரிவு ஒட்டியது: 'இவரைப் போன்றோரிடம் விழிப்பாக இருப்போம்.' இரண்டிலும் அதே சிரிப்பு. முதல் சுவரொட்டியில் அது நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

டீக்கடைக்காரர் டம்ளரை எடுப்பதா பேப்பர் கப்பை எடுப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"ஏம்ப்பா, ரெண்டுல எது கடைசியா வந்த ஆர்டரு?"

"தெரியலண்ணே. எனக்கே இப்பதான் தெரியும்."

"அப்ப கப்புலயே குடிச்சுக்க. தப்பா நெனைக்காத."

டீ குடித்து முடிக்கும் வரை மஞ்சள் பனியன் போட்ட நான்கு பேர் எதிரில் நின்று அவனையே பார்த்தார்கள். புத்தொளி அமைத்த விழிப்புக் குழு அது. தலைவர் அய்யம்பெருமாள், ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கியது. பயிற்சி முடிந்த நாளிலிருந்து அதை ஊத ஒரு சந்தர்ப்பமும் வாய்க்காமல் அவர் மெலிந்துகொண்டிருந்தார். தர்மராஜைக் கண்டதும் அவர் முகத்தில் தெம்பு வந்தது.

இதற்கிடையில் பாதிக்கப்பட்டோர் பிரிவு கொளஞ்சியம்மாளைத் தேடிப் போயிருந்தது. தர்மராஜ் திருடியது அவள் கிணற்று மோட்டாரைத்தான். அந்த மோட்டார் அரியலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் செம்பாக உருகி எந்தக் காலத்திலோ போய்விட்டது. அதன் பிறகு அவள் கொல்லைக்காட்டில் மானாவாரிதான். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. மழையை நம்பி வெங்காயம் போட முடியாது.

ஆற்றுப்படுத்துநர் சத்யப்பிரியா படிப்பு முடித்து வந்திருந்த புதுப் பெண். வரப்பில் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்தபடி கேட்டாள்.

"உங்க வலி எங்க இருக்குன்னு சொல்ல முடியுமாங்கம்மா?"

"கிணத்துல."

"இல்லம்மா, உள்ளுக்குள்ள…"

"உள்ளதாம்மா. கிணத்துக்கு உள்ள. மோட்டாரு இருந்த எடத்துல. ஒரு மோட்டாரு வாங்கிக் குடுத்தீங்கன்னா போயிரும்."

சத்யப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "மோட்டார் எங்க திட்டத்துல வராதும்மா. மோட்டார் போன துக்கம் மட்டும்தான் வரும்."

அந்தத் துக்கத்தை வரைந்து காட்ட கலர் பென்சில் கொடுத்தாள். கொளஞ்சியம்மாள் யோசித்து ஒரு மோட்டாரை வரைந்தாள். பக்கத்தில் அது எத்தனை குதிரைத்திறன் என்றும், குழாய் எத்தனை இஞ்ச் என்றும் எழுதினாள். படத்தைப் பார்த்த முத்தமிழ்செல்வன், இழப்பை ஏற்க மறுக்கும் மனநிலை என்று முடிவு கட்டி, இன்னும் ஆறு முறை ஆற்றுப்படுத்த உத்தரவிட்டார்.

தர்மராஜுக்கு வேலை கிடைத்தது. புத்தொளிக்கு அதில் சம்பந்தம் இல்லை. பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் அவனாகவே போய்க் கேட்டான். "கழட்டத் தெரியுமா?" என்றார் முதலாளி. "அதுதாண்ணே தெரியும்" என்றான். அவர் சிரித்துவிட்டு, மாட்டவும் கற்றுக்கொள் என்று சேர்த்துக்கொண்டார். ஜெயங்கொண்டத்துக்குச் செய்தி போனது. ஒரு மாதம் பார்க்கிறேன் என்று லாவண்யாவிடமிருந்து பதில் வந்தது. அன்று தர்மராஜ் சாப்பிடும்போது தனியாகச் சிரித்தான்.

இதைக் கேள்விப்பட்ட முத்தமிழ்செல்வன் பதறிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன தர்மராஜ் இப்படிப் பண்ணிட்டீங்க? இருக்கறதே நீங்க ஒருத்தர். நீங்களும் வேலைக்குப் போயிட்டா நாங்க யாருக்கு வேலை வாங்கித் தர்றது?"

"அதான் கெடச்சிருச்சே சார்."

"அவசரப்படாதீங்க. மொதல்ல மனசு தயாராகணும். அதுக்கு ஒரு வருஷம் ஒதுக்கியிருக்கோம்."

கோபத்தை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆதரவாகத்தான் நடந்துகொண்டார். அடுத்த வாரமே அந்தக் கடை வாசலில் ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினார். 'முன்னாள் திருடருடன் அச்சமின்றிப் பணிபுரிவது எப்படி?' என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்படி பேனர் கட்டினார். பழுதுபார்க்க மோட்டார் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பழுதோடேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் முதலாளி தர்மராஜின் தோளில் கை வைத்து, "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தம்பி" என்றார். தர்மராஜ் கரட்டாங்குறிச்சிக்கு நடந்தே போனான். ஜெயங்கொண்டத்துக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வரும் என்ற செய்தி வந்தது. இரண்டாம் கட்ட நிதி தருவதா வேண்டாமா என்று அது முடிவு செய்யும். முத்தமிழ்செல்வன் ஊரில் கூட்டம் போட்டார்.

"ஒரு வருத்தமான விஷயத்தச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "நம்ம திட்டம் வந்ததுலேர்ந்து இந்த ஊர்ல ஒரு திருட்டுகூட நடக்கல."

ஊரார் கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க. குற்றமே இல்லாத ஊருக்குக் குற்றத் தடுப்புன்னு எப்படி நிதி கேக்க முடியும்? காய்ச்சல் இல்லாத ஊர்ல ஆஸ்பத்திரி கட்டுவாங்களா? அதனால குழு வர்ற அன்னைக்கு ஒரு செயல்விளக்கம். தர்மராஜ் ஒரு மோட்டார் திருடுவார். விழிப்புக் குழு புடிக்கும். பாதிக்கப்பட்டவங்க அழுவாங்க. மூணு பிரிவும் ஒரே காட்சியில முடிஞ்சுடும்."

"எந்த மோட்டாரு?" என்றாள் கொளஞ்சியம்மாள், கூட்டத்தின் பின்னாலிருந்து.

"அதுக்குன்னே ஒண்ணு வாங்கறோம்மா. தத்ரூபமா இருக்கணும்ல. புதுசு."

"புது மோட்டாரா? எனக்கா?"

"உங்களுக்கு இல்லம்மா. பாதிக்கப்பட்டவங்களுக்கு மோட்டார் வாங்க விதியில எடம் இல்ல. திருடிக் காட்டறதுக்கு வாங்கலாம். செயல்விளக்கப் பொருள்னு தலைப்பு இருக்கு."

என்ன மோட்டார் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாததால் கொளஞ்சியம்மாள் வரைந்த படத்தைக் கடையில் காட்டி அதேபோல வாங்கினார். மூன்று பிரிவுகளிலும் அந்த ஒரு தாள்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

ஆய்வுக்கு முந்தைய நாள், மோட்டாரைக் கொளஞ்சியம்மாளின் கிணற்றுக்குள்ளேயே கயிற்றில் தொங்கவிடத் தர்மராஜை அனுப்பினார்கள். கூடவே திருட்டுக் கருவிகள் என்று ஒரு பை நிறைய ஸ்பேனர். கிணற்று மேட்டில் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வழக்கு முடிந்த பிறகு இருவரும் நேருக்கு நேர் தனியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவன் மோட்டாரில் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அவள் அவனையே பார்த்தாள்.

"ஊர்ல இத்தன கெணறு இருக்கறப்ப எங் கெணத்துல ஏன்டா எறங்குன?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "படி நல்லா இருந்துச்சுக்கா."

"அது எங்க வூட்டுக்காரரு கட்டுன படி. அவரு செத்து ஆறு மாசங்கூட ஆவல அப்ப." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வெங்காயம் கருகிப் போச்சு. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயி வித்தேன். அதுல ஒண்ணு செனை மாடு."

தர்மராஜ் தலையைத் தொங்கப் போட்டான். நீதிபதி தண்டனையைப் படித்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

"அக்கா, என்னைய மன்னி…"

"இப்ப சொல்லாத. அது நாளைக்கிப் பதினோரு மணிக்கு மேடையில வச்சிருக்காங்க. இங்கயே சொல்லிட்டீனா அங்க என்னத்த சொல்லுவ?"

அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"தர்மராசு, அந்த மோட்டாரச் சும்மா தொங்க விடாத. கொழாயில மாட்டு. ஒயரு பழசு கெடக்கு, ஸ்டார்ட்டரு கெடக்கு, கரண்டு கனெக்சன் எம்பேர்லதான் இருக்கு."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "என்னைய மாட்டி வுடறதுக்குத்தான சொல்றீங்க?"

"நீ மாட்டற மாரி மாட்டிட்டு, ராவோட ராவாக் கழட்டிக்கிட்டுப் போயிருவியோன்னு எனக்கும்தான் சந்தேகம். என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் வேற ஆளு இல்ல. ஒனக்கும் வேற சோலி இல்ல."

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றில் இறங்கினான். அவள் மேலிருந்தபடியே, அவன் ஒவ்வொரு மரை முடுக்குவதையும் போலீஸ்காரரைப் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கொல்லையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆய்வுக் குழுத் தலைவர் அறிவழகன் சென்னையிலிருந்து காரில் வந்தார். மோர் குடித்துவிட்டுப் பேசினார்.

"குற்றமில்லாச் சமுதாயம் நம் கனவு. கனவு கனவாக இருக்கும் வரைதான் நமக்கு வேலை. சென்ற ஆண்டு வேறொரு மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? பயனாளிகள் அத்தனை பேரும் திருந்திவிட்டார்கள். திட்டத்தையே மூட வேண்டியதாயிற்று. இருபது பணியாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தத் தவறு இங்கே நடக்கக் கூடாது."

முத்தமிழ்செல்வன் எழுந்து நின்று, நடக்காது என்று உறுதியளித்தார்.

பதினோரு மணிக்கு மன்னிப்பு. தர்மராஜ் கை கூப்பி நின்றான். மைக் கொளஞ்சியம்மாளிடம் போனது. "தண்ணி வந்தா சொல்றேன்" என்றாள். கண்ணீர் வந்துவிடும் என்கிறார், உணர்ச்சி மேலிட்டுவிட்டது என்று முத்தமிழ்செல்வன் விளக்கினார். அடுத்தது திருட்டு.

தர்மராஜ் முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். விழிப்புக் குழு பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு ஆமணக்குச் செடிகளுக்குப் பின்னால் ஒளிந்தது. கேமரா தயாரானது. எல்லோரும் கிணற்றையே பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் மெதுவாக எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

கிணற்றுக்குள் ஒரு உறுமல். குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. அதன் பிறகு தொடை கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் சருகையும் தூசியையும் தள்ளிக்கொண்டு ஓடி, பந்தலுக்குள் நுழைந்து, அறிவழகனின் காலணிகளை நனைத்தது. ஊரார் எழுந்து நின்று கை தட்டினார்கள். கொளஞ்சியம்மாள் வாய்க்காலில் இறங்கிக் கணுக்கால் நனைய நின்றாள். மைக்கை யாரும் அவளிடம் நீட்டவில்லை.

முத்தமிழ்செல்வன் மைக்கைப் பிடுங்கினார். "தர்மராஜ்! என்ன பண்றீங்க? திருடுங்க! திருடிக்கிட்டு மேல வாங்க!"

கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலியோடு பதில் வந்தது. "மாட்டேன் சார்! யாரு சொன்னாலும் திருட மாட்டேன்னு உங்ககிட்டதான சார் சத்தியம் பண்ணேன்!"

அன்று சாயங்காலம் ஊரில் எல்லோருடைய செல்போனிலும் அந்த வீடியோ ஓடியது. காயில் கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, மாட்டியது நீதானா, நாளைக்கே வேலைக்கு வா என்று போன் செய்தார். முகாம் நடத்துகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்றார்.

புத்தொளியில் நிலைமை சரியில்லை. செயல்விளக்கப் பொருளைத் திரும்ப அலுவலகத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பும்படி சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. முத்தமிழ்செல்வன் காவல் நிலையத்துக்குப் போனார்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் எஸ்.ஐ.

"மோட்டார் சார்."

"எங்க இருக்கு?"

"கிணத்துல."

"யாரு கொண்டுபோயி வச்சது?"

"நாங்கதான் வைக்கச் சொன்னோம்."

"அங்கதான இருக்கு?"

"இருக்கு சார். ஆனா ஓடுது."

வைத்த இடத்திலேயே இருக்கும் மோட்டார் ஓடுவதற்குத் தன்னிடம் சட்டப் பிரிவு இல்லை என்று எஸ்.ஐ. அனுப்பிவிட்டார்.

முத்தமிழ்செல்வன் நேராகத் தர்மராஜிடம் வந்தார். காயில் கடைக்கு வெளியே ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தடவை. கடைசியா. திட்டத்துக்காகத் திருடிக் குடுத்துடுங்க" என்று கெஞ்சினார். இதுவும் ஏதோ சோதனை என்று தர்மராஜ் நினைத்தான். யார் கேமராவோடு ஒளிந்திருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நான் திருந்திட்டேன் சார்" என்று சத்தமாகச் சொன்னான்.

கடைசியில் கொளஞ்சியம்மாள் விதை வெங்காயம் வாங்க வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், முத்தமிழ்செல்வன் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தானே கிணற்றில் இறங்கினார். முதல் மரையைத் திருகும்போதே கரட்டாங்குறிச்சி முழுக்க விசில் கேட்டது. அய்யம்பெருமாள் தன் வாழ்நாளின் மூச்சையெல்லாம் அதில் ஊதினார். மஞ்சள் பனியன்கள் நான்கு பக்கமும் சூழ்ந்தன. பயிற்சியில் சொன்னபடி அடிக்கவில்லை. பயிற்சியில் சொன்னபடி பேசவும் விடவில்லை.

"அய்யம்பெருமாள், நான் இயக்குநர்!"

"திருடன் அதிகாரி வேசத்துலயும் வருவான்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க" என்றார் அய்யம்பெருமாள் மரியாதையாக, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ.க்கு இந்த முறை சட்டப் பிரிவு உடனே கிடைத்தது. கொளஞ்சியம்மாளை வரவழைத்தார். மோட்டாரைப் பற்றிக் கேட்கத் தர்மராஜையும் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார். காவல் நிலையத்தில் தன்னை உட்காரச் சொன்னதும் தர்மராஜ் மிரண்டுபோய் விளிம்பில் ஒட்டிக்கொண்டான். எதிரே முத்தமிழ்செல்வன் நின்றுகொண்டிருந்தார். பேன்ட் இன்னும் முழங்காலில்தான் இருந்தது.

"அம்மா, நீங்க சொல்லுங்க. கேஸ் போடலாமா, வேணாமா?"

கொளஞ்சியம்மாள் தர்மராஜைப் பார்த்தாள். "நீ என்னடா சொல்ற? ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

தர்மராஜ் பேனரையும், தோளில் கை வைத்த முதலாளியையும் நினைத்தான். ஜெயங்கொண்டத்து வாசலை நினைத்தான். அதன் பிறகு எழுந்து நின்றான்.

"வுட்ருங்க சார். உள்ள போயிட்டு வந்தா, வெளில ஒரு டீகூட மனுசனுக்குக் குடுக்கற மாதிரி குடுக்க மாட்டாங்க. பொண்டாட்டி புள்ளயே யோசிக்கும். அந்தக் கஷ்டம் இவருக்கு வேணாம்."

எஸ்.ஐ. பேனாவை மூடினார். கொளஞ்சியம்மாள் பெருமூச்சு விட்டு, சரி போகட்டும் என்பது போலக் கையை அசைத்தாள்.

முத்தமிழ்செல்வனின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் தர்மராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தர்மராஜ், இப்ப சொன்னீங்களே, அத அப்படியே ஒரு தடவை கேமராவுல சொல்ல முடியுமா? இரண்டாம் கட்ட நிதி நிச்சயம்."

கொளஞ்சியம்மாள் எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"அய்யா, அந்தக் கேச எழுதிக்கிங்க."